பேணுதலுக்கு விட்ட இடம்

ஸுபைரா டீச்சர் போட்ட கணக்கைப் பதுளையில் யாரும் திருப்பிப் போட்டுப் பார்ப்பதில்லை. கலியாண வீட்டுக்கு நானூறு பேர் வருகிறார்கள் என்றால், ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் ஒரு சஹன் தட்டு வீதம் எத்தனை சஹன், அதற்கு எத்தனை கொத்து அரிசி என்று ஆள் அனுப்பி அவளிடம்தான் கேட்பார்கள். அவளும் வெங்காயம் உரித்த கையோடு சொல்லி அனுப்புவாள். சோறு மிஞ்சியதும் இல்லை, போதாமல் போனதும் இல்லை. பாடப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த ஒரு விடை பிழை என்று கொழும்புக்கு எழுதிப் போட்டவள் அவள். ஒன்றரை வருடம் கழித்து, 'தங்கள் கருத்து கவனத்தில் எடுக்கப்பட்டது' என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அலுமாரியில் தங்கச் சங்கிலி இருந்த பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். கடிதம் தொலைந்தால் பதறுகிற அளவுக்குச் சங்கிலி தொலைந்தால் அவள் பதற மாட்டாள்.

அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பெண் கேட்டு வந்த இரண்டு மூன்று இடங்களும் 'புள்ள கொஞ்சம் கூடப் படிச்சிட்டா' என்று நழுவிப் போயிருந்தன. வாப்பா மௌத்தாகிப் பத்து வருடம். உம்மா ஸைனபுக்கு முழங்கால் வலி, வீட்டைவிட்டு இறங்குவதே அபூர்வம். குடும்பத்தைத் தோளில் சுமந்தது அவளுடைய நானா ஜுனைதீன். தங்கச்சி ஒரு வீட்டுக்குப் போகாமல் தான் கலியாணம் கட்டுவதில்லை என்று வாப்பாவின் ஜனாஸாவுக்குப் பக்கத்தில் நின்று சொன்னவன், முப்பத்தெட்டு வயதிலும் சொன்ன சொல்லில் நின்றான். ஸுபைரா தன் நானாவை நம்பிய அளவுக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டைக்கூட நம்பியிருக்க மாட்டாள்.

ஜுனைதீன் குவைத்தில் ஆறு வருடம் ஒரு கம்பனியில் ரேடியோவும் ஏசியும் திருத்திக்கொண்டிருந்தவன். எண்பத்தைந்தில் ஊர் திரும்பியபோது மற்றவர்கள் கொண்டுவருகிற மாதிரி பூப்போட்ட கம்பளிகளைக் கொண்டுவந்தான். அந்தக் கம்பளிகளுக்குள் கம்பனிக்காரன் வேண்டாமென்று தூக்கிப்போட்ட ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் இருந்தது. ஸஹாப்தீன் ஹாஜியாரின் கடைத்தொகுதியில் ஓர் அறையை எடுத்து ரேடியோ திருத்தும் கடை போட்டான். வீட்டு முன்னறையில் அந்த மெஷினைப் பழைய டிவியோடும் கெஸட் ரெக்கோர்டரோடும் பொருத்தி உயிர் கொடுத்தான். திரையில் ஒரு சின்னச் சதுரம் மினுங்கியது. அதற்கு மேல் அவனுக்கு ஓடவில்லை.

"உசிர நான் குடுத்துட்டேன் தங்கச்சி. வேல குடுக்க ஒனக்குத்தான் ஏலும்" என்று சொல்லி, அதனோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை அவள் மடியில் வைத்தான்.

புத்தகத்தை ஸுபைரா ஒரு மாதம் படித்தாள். அதில் கம்பைலர் என்ற ஒன்று முழுவதுமாக அச்சிடப்பட்டிருந்தது. மனிதர் எழுதும் கட்டளைகளை மெஷினுக்குப் புரியும் எண்களாக மாற்றித் தருவது அதன் வேலை. ஆனால் அதற்குத் தெரிந்தது முழு எண்கள் மட்டும். கூட்டும், கழிக்கும், பெருக்கும், வகுக்கும். அதோடு பிறவியிலேயே வந்த நாலைந்து சார்புகள். சைன் தெரியாது, வர்க்கமூலம் தெரியாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்ததுகூட இதற்குத் தெரியவில்லையே என்று அவளுக்கு முதலில் எரிச்சல் வந்தது. பிறகு, மக்குப் பிள்ளை கிடைத்தால் டீச்சர்மாருக்கு வருகிற அந்தப் பிடிவாதம் வந்தது.

என்ன கணக்குப் போடுவது என்பதைச் சொன்னவன் ஜுனைதீன்தான். அவர்கள் தெருப் பள்ளிவாசலில் தொழுகை நேர அட்டை ஒன்று தொங்கியது. ஸஹாப்தீன் ஹாஜியாரின் வாப்பா, பெரிய ஹாஜியார், முப்பது வருடத்துக்கு முன் போட்டது. பதுளைக்கு மட்டும்தான் அதில் நேரம் இருந்தது. லுணுகலையிலும் பெரகலயிலும் மடுல்சீமையிலும் கடை வைத்திருந்த முஸ்லிம்கள் கொழும்பு ரேடியோவைக் கேட்டு, குத்துமதிப்பாக நாலைந்து நிமிடம் கூட்டிக் குறைத்து நோன்பு திறந்துகொண்டிருந்தார்கள். ஊவா மாகாணம் முழுவதற்கும் ஊர் ஊராக நேரம் போட்டு ஓர் அட்டை அடித்தால் என்ன என்று கேட்டான். ஸுபைராவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

சூரியன் மறையும் நேரத்தைக் கணிக்க சைனும் கோசைனும் வேண்டும். உயரமான ஊர்களில் சூரியன் சற்றுப் பிந்தி மறையும். அதற்கு வர்க்கமூலம் வேண்டும். இவற்றை ஒவ்வொரு கணக்கிலும் திரும்பத் திரும்ப எழுதினால் மெஷினில் இடம் போதாது. ஆகவே கம்பைலருக்குள்ளேயே புதிய சார்புகளைச் சேர்த்துவிடுவது என்று தீர்மானித்தாள். கம்பைலருக்குள் ஒரு பட்டியல் உண்டு: இன்ன பெயர் வந்தால் நினைவகத்தில் இன்ன இடத்துக்குப் போ என்று. சார்பை மெஷினின் சொந்த எண்களில் எழுதி, காலியான இடத்தில் வைத்து, அதன் பெயரையும் இருப்பிடத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கம்பைலர் அதைத் தன் சொந்தச் சார்பு போலவே நடத்தும். கணக்கு எழுதுகிறவர் பெயரை மட்டும் எழுதினால் போதும், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை.

ஆறு மாதம், பாடசாலை விட்டு வந்த பின்னேரங்களும் சனி ஞாயிறுகளும் இதில் போயின. அவள் கொப்பியில் எண்களை வரிசையாக எழுதுவாள், ஜுனைதீன் அவற்றை மெஷினில் அடிப்பான். பத்து எண்ணுக்கு ஒரு தரம் நிறுத்தி, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்பான். அவளும் சொல்வாள். மெஷினுக்குத் தசமம் தெரியாததால் எல்லாவற்றையும் பத்தாயிரத்தால் பெருக்கி வைத்தாள். முப்பது பாகையின் சைன் அரை. ஆகவே திரையில் ஐயாயிரம் வர வேண்டும். முதல் இரண்டு தடவை மெஷின் அப்படியே விறைத்து நின்றது. மூன்றாம் தடவை ஐயாயிரம் வந்தது.

"உம்மா, அஞ்சாயிரம்!" என்று கத்தினாள்.

"ஆருக்கு மகள்?" என்று உம்மா உள்ளேயிருந்து கேட்டார். சீட்டு ஏதும் விழுந்துவிட்டதோ என்று அவருக்கு. அண்ணனும் தங்கையும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

கடைசியாகச் சேர்த்தது கடிகாரச் சார்பு. எந்த ஊர், எந்த வேளை என்றாலும் கணக்கின் முடிவு அதன் வழியாகப் போய்த்தான் மணியும் நிமிடமுமாக வெளியே வரும். அதன் முடிவில் ஸுபைரா ஓர் எண்ணுக்கு மட்டும் இடம் விட்டுவைத்தாள். நோன்பு விஷயம், பேணுதலுக்காக, அதாவது முன்னெச்சரிக்கையாக, ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கூட்ட வேண்டும் என்று பள்ளிவாசலில் சொன்னால் அங்கே போட்டுக்கொள்ளலாம். மௌலவியிடம் கேட்டு வரச் சொன்னாள். "கணக்க உள்ளபடி போடச் சொல்லுங்க. பேணுதல பாங்கு சொல்றப்ப நாங்க பாத்துக்குவோம்" என்று மௌலவி சொன்னாராம். அந்த இடத்தில் சைபர் போட்டாள். கொழும்புக்குக் கணக்கை ஓட்டிப் பார்த்தாள். ரேடியோவில் பாங்கு சொன்ன நிமிடமும் திரையில் வந்த நிமிடமும் மூன்று நாள் தொடர்ந்து ஒத்துப்போயின. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அட்டை அடித்துத் தர ஸஹாப்தீன் ஹாஜியார் முன்வந்தார். தன் புடைவைக் கடையின் பெயர் மேலே வர வேண்டும், அவ்வளவுதான் என்றார். மெஷினை அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்பதால் கம்பைலரைக் கெஸட்டில் பதிந்து வைத்து ஒவ்வொரு தரமும் ஏற்றுவார்கள். அச்சுக்குக் கொடுக்கும் வாரத்தில் ஜுனைதீன் புதிய கெஸட்டிலிருந்து கம்பைலரை ஏற்றித் தந்தான்; பழைய கெஸட்டில் நாடா தேய்ந்துவிட்டது என்றான். ஸுபைரா திரையில் வந்த நேரங்களைத் தன் கையாலேயே எழுதினாள். அச்சுப் பிரதி வந்ததும் திரையோடு வைத்து ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தாள். கொழும்புக் கணக்கை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? சோதித்து உள்ளே வைத்தாயிற்று.

பதுளையின் மஃரிப் நேரத்தை, சூரியன் மறைகிற அந்த நிமிடத்தை, பள்ளிவாசலின் பழைய அட்டையோடு ஒப்பிட்டபோது நிமிடம் பிசகாமல் இரண்டும் ஒன்றாக இருந்தன. சைன் தெரியாத மனிதர், கையில் ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்திருக்கிறாரே என்று பெரிய ஹாஜியாருக்காகத் துஆச் செய்தாள். மறுநாள் வகுப்பில் பிள்ளைகளுக்கும் சொன்னாள். இப்போது அதை நினைத்தால் அவளுக்கு உடம்பு எரியும்.

அட்டையின் அடியில் 'கணித்தவர்: எம். எஸ். ஸுபைரா, ஆசிரியை' என்று அச்சாகியிருந்தது. அவள் கேட்கவில்லை. ஜுனைதீனே போடச் சொல்லியிருந்தான். "ஒழைச்சது நீ. பேரும் ஒன்டதுதான் வரணும்" என்றான். ஊரில் எந்த அண்ணன் தங்கச்சி பெயரை இப்படி அச்சில் போடுவான் என்று உம்மா பூரித்துப் போனார்.

எண்பத்தாறில் நோன்பு மே மாதத்தில் வந்தது. அட்டை ஊவா முழுவதும் போயிற்று. பெரகல சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த அஸீஸ், தன் கடைச் சுவரில் அதைச் சட்டம் போட்டே மாட்டினார். பத்து நாள் அட்டைப்படி நோன்பு திறந்தார். பதினோராம் நாள் பின்னேரம் மழை விட்டு மேற்கு வானம் கழுவி விட்டதுபோல் வெளித்தது. அட்டையில் ஆறு பதினேழு. நிமிடம் தட்டியதும் அஸீஸ் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார். அந்த நேரத்தில், தேயிலைத் தோட்டத்திலிருந்து மாவும் மண்ணெண்ணெயும் வாங்க வந்த மாரியாயி கடை வாசலில் நின்றாள். மலையில் வேலை செய்கிறவள். பொழுது சாய்வதைப் பார்த்துத்தான் அவளுக்கு அன்றாடப் பிழைப்பு.

"என்னங்க மொதலாளி, பொழுது இன்னும் நிக்குதுங்களே. அதுக்குள்ள நோம்பு விட்டுட்டீங்க?" என்றாள்.

அஸீஸ் வாசலுக்கு ஓடிவந்து பார்த்தார். தூரத்தில், மலை தாழ்ந்து வெளியாகிற இடத்தில், சூரியனின் மேல்விளிம்பு சிவப்பாக நின்றது. கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார். அது முழுவதும் அமிழ மூன்று நிமிடம் எடுத்தது. வாயிலிருந்த பழம் அவருக்குக் கசந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் அஸீஸ் பதுளைக்கு வந்துவிட்டார். பள்ளிவாசலில் கூட்டம் கூடியது. பதுளை நேரத்தை எடுத்துப் பழைய அட்டையோடு வைத்துப் பார்த்தார்கள், ஒன்றாகவே இருந்தது. ஆகவே பதுளைக்குப் பிழையில்லை, டீச்சர் வெளியூருக்குப் போட்ட கணக்குத்தான் பிழை என்று தீர்த்தார்கள். பெரகல, லுணுகலை, மடுல்சீமை ஆட்கள் பதினொரு நோன்பைக் களாவாகத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்று மௌலவி சொன்னார். ஸஹாப்தீன் ஹாஜியார் எழுந்து, "பொம்பளப் புள்ளைக்கு மலைட உசரம் எப்படித் தெரியும்? நம்மதான் யோசிச்சிருக்கணும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னாராம். ஜுனைதீன் அந்தக் கூட்டத்தில் இருந்தான். தலையைக் குனிந்துகொண்டிருந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தங்கச்சிக்காக வெட்கப்படுகிறான் என்று அவர்கள் பரிதாபப்பட்டார்கள்.

உயரத்துக்கான திருத்தத்தில்தான் சறுக்கிவிட்டோம் என்று ஸுபைராவும் நம்பினாள். பள்ளத்தில் கிடக்கும் பதுளைக்கு உயரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, அங்கே சரியாக வந்தது; சேர்த்த ஊர்களில் பிழைத்தது. அப்படியானால் குற்றம் தன்னுடைய வர்க்கமூலத்தில்தான். சனிக்கிழமை தனியாக பஸ் ஏறி பெரகலக்குப் போய், அஸீஸிடமும் அவர் வீட்டுப் பெண்களிடமும் மாப்புக் கேட்டாள். அஸீஸின் மனைவி ஸகீனாவுக்கு அப்போது கைப்பிள்ளை. பால் கொடுத்துக்கொண்டே நோன்பைத் திரும்பப் பிடிக்க வேண்டுமே என்ற சலிப்பில், "படிச்சவங்க செய்யிற வேல எங்கட தலையில விடியுது" என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ஸுபைரா அதையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பாடசாலையில் பத்தாம் வகுப்புக் கணக்கை அவளிடமிருந்து எடுத்து, ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். பெற்றோர் வந்து கேட்கிறார்கள், தான் என்ன செய்ய என்று அதிபர் கையை விரித்தார். கலியாண வீடுகளிலிருந்து ஆள் வருவது நின்றது. அதைவிடப் பெரிய கேடு ஒன்று நடந்தது. கரும்பலகையில் இரண்டு வரிக் கூட்டலைப் போட்டுவிட்டு, சரியா என்று அவள் விரலை மடித்து எண்ணத் தொடங்கினாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

பதுளைக்காரர்கள் திரும்பப் பிடிக்கத் தேவையில்லை. ஆனாலும் தன்னால் மற்றவர்கள் பிடிக்கும்போது தான் சும்மா இருப்பதா என்று ஸுபைரா பெருநாள் கழித்துப் பதினொரு நோன்பு பிடித்தாள். அந்தப் பதினொரு நாளும் ஜுனைதீன் கடையை நேரத்தோடு பூட்டி, அவளுக்குக் கஞ்சி வாங்கி வந்தான். ஒரு நாள் கொழும்பிலிருந்து வந்த நல்ல பேரீச்சம்பழம் கொண்டுவந்து கையில் கொடுத்தான். "மனசப் போட்டு வருத்திக்காத" என்று தலையைத் தடவினான். நானாவுக்குத் தன்மேல் எவ்வளவு இரக்கம் என்று அவள் உருகினாள்.

டிசம்பர் விடுமுறையில் மெஷினை மூடியிருந்த துணியை எடுத்தாள். ஆத்திரத்தில் அல்ல, எங்கே பிழைத்தோம் என்று தெரியாமல் ஆறாம் வகுப்புக்குக்கூடப் போய் நிற்க முடியவில்லை. வர்க்கமூலத்தைச் சோதித்தாள். நூறு எண்ணுக்குச் சோதித்தாள். பிழையே இல்லை. பிறகு மெஷினை விட்டுவிட்டு, மடக்கை அட்டவணையும் பென்சிலுமாகக் கையால் கணக்குப் போட்டாள். பெரகலக்கு மூன்று நிமிடம் வித்தியாசம். லுணுகலைக்கு மூன்று. மடுல்சீமைக்கு மூன்று. உயரத்தில் பிழை என்றால் ஊருக்கு ஊர் வேறுபட வேண்டும். எல்லாம் ஒன்றுபோல மூன்றென்றால் எப்படி? பதுளைக்கும் போட்டுப் பார்த்தாள். அங்கேயும் மூன்று.

எல்லா ஊர்க் கணக்கும் சேர்ந்து போகிற இடம் ஒன்றுதான்: கடிகாரச் சார்பு. அதை நினைவகத்தில் திறந்து, தன் கொப்பியோடு வைத்து எண் எண்ணாக ஒப்பிட்டாள். பேணுதலுக்கு விட்ட இடம் வரை எல்லாம் சரி. அந்த இடத்தில் கொப்பியில் சைபர் இருந்தது. மெஷினில் இருநூற்று ஐம்பத்து மூன்று இருந்தது. அந்த மெஷினின் நினைவகத்தில் ஓர் இடத்துக்குள் இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் அடங்கும்; அதைவிடப் பெரிய எண்ணுக்கு இரண்டு இடம் வேண்டும். கழித்தல் ஒன்றை அது இருநூற்று ஐம்பத்தைந்து என்று எழுதும். கழித்தல் மூன்று என்றால் இருநூற்று ஐம்பத்து மூன்று.

முதலில் மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் அவளுக்கு ஆசை. தேய்ந்துவிட்டது என்று நானா ஒதுக்கிய பழைய கெஸட்டைத் தேடி எடுத்து ஏற்றினாள். ஒரு குறையும் இல்லாமல் ஏறியது. அதில் அந்த இடத்தில் சைபர் இருந்தது. புதிய கெஸட்டை ஏற்றினாள்; இருநூற்று ஐம்பத்து மூன்று. அந்தக் கெஸட்டின் மேல் ஒட்டியிருந்த தாளில் 'அச்சுக்கு' என்று ஜுனைதீனின் கையெழுத்து இருந்தது. அவனுக்குப் பத்து எண்ணுக்கு ஒரு தரம் நிறுத்தி விளக்கிச் சொன்னவள் அவள்தானே.

பகல் சாப்பாட்டுக்கு அவன் வந்தபோது இரண்டு கெஸட்டையும் மேசைமேல் வைத்தாள்.

"இத ஆர் மாத்தின நானா?"

அவன் பொய் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். கதிரையில் உட்கார்ந்து, கெஸட்டைப் புரட்டிப் பார்த்தான்.

"ஒன்ட கணக்குப்படி பதுளைக்கு மூணு நிமிசம் பிந்தி வந்திச்சி. ஹாஜியார்ட காட்டினேன். அவர்ட மூஞ்சி செத்துப் போச்சு. அவர்ட வாப்பா கொழும்பு நேரத்துல அஞ்சு நிமிசம் கொறைச்சி, இங்க சுத்திவர மல, சூரியன் வெள்ளன மறையிதுன்னு மலைக்காக இன்னொரு மூணு நிமிசம் கொறைச்சிருக்கார். இந்த அட்ட வந்தா முப்பது வருசமா ஊர்ட நோம்ப முறிச்சவர்னு வாப்பாவச் சொல்லுவாங்கன்னார். பழைய நேரத்துக்கு ஒத்து வந்தா அடிச்சித் தாறேன், இல்லாட்டி கட அறையையும் காலி பண்ணுன்னார்."

"எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ விடுவியா?"

மலைக்குப் பின்னால் மறைந்தால் சூரியன் மறைந்ததாகுமா? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஸுபைராவுக்கு அந்த நேரத்தில் பெரிய ஹாஜியார்மேல் கோபம் வரவில்லை. கிண்ணம் போன்ற ஊரில் பிறந்து, கண்ணால் கண்டதை நம்பிய மனிதர். இவன் கண்ணை மூடிக்கொண்டல்லவா செய்திருக்கிறான்.

"மத்த ஊருக்குமா கொறைக்கணும்?"

"ஒரு எடம்தானே இருந்திச்சி. எல்லாத்துக்கும் கொறைஞ்சிட்டு."

"அட்டையில என்ட பேரப் போட்டது எப்ப? இத மாத்த முந்தியா, பொறகா?"

ஜுனைதீன் கெஸட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். ஊரில் எந்த அண்ணனும் செய்யாததை ஏன் செய்தான் என்று ஸுபைராவுக்கு அப்போதுதான் விளங்கியது: பிழை தெரியவந்தால் கெடுகிற பெயர் அவனுடையதாக இருக்கக் கூடாது.

"பதினொரு நோம்பு. தெனமும் கஞ்சி கொண்டாந்து குடுத்தீங்களே நானா. நான் நோம்போட இருக்கிறதப் பாத்துக்கிட்டே இருந்தீங்களே. ஒரு நாளாவது வாய் வரலையா?"

"நீ பிடிச்சது வீணாப் போகுமா தங்கச்சி? நன்மதானே" என்றான்.

அவள் அவனை அடித்திருப்பாள். அடிக்கிற பழக்கம் இல்லாததால் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் அவனே அடுப்படி வாசலுக்கு வந்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றான். வாப்பாமேல் ஆணையாகச் சொன்னான். உம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், தானே சொல்வதாகவும் கேட்டுக்கொண்டான். ஸுபைரா சரி என்றாள். பெண் பள்ளிவாசலில் எழுந்து நிற்க முடியாது. அவன் வாயால் வந்தால்தான் உண்டு.

வெள்ளிக்கிழமை அவள் அடுப்படி வேலையை நேரத்தோடு முடித்துவிட்டுக் கதவருகே இருந்தாள். ஒலிபெருக்கியில் குத்பா பிரசங்கம் கேட்டது, தொழுகை கேட்டது. பிறகு மௌலவி ஒரு ஜனாஸா அறிவித்தல் சொன்னார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஜுனைதீன் வந்து தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"சொன்னீங்களா?"

"சனம் நெறைய. ஹாஜியார் பக்கத்துலயே இருந்தார்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ யோசிச்சிப் பாரு. பெரகல ஆக்கள் பதினொரு நோம்பப் பிடிச்சி முடிச்சிட்டாங்க, அந்தக் கத முடிஞ்சிது. இத இப்ப கிளப்பினா பதுளையில முப்பது வருச நோம்பு என்னாகும்? பாதிப் பேர் கபுர்ல இருக்காங்க. அவங்களுக்கு ஆரு பிடிக்கிற?" என்றான். சோறு போடச் சொன்னான். அவள் போடவில்லை. உம்மா போட்டார்.

ஸுபைரா தானே ஹாஜியாரின் கடைக்குப் போனாள். கொப்பியை விரித்துக் காட்டினாள். ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பொறுமையாகப் பார்த்தார். "இதுல எரநூத்தி அம்பத்தி மூணுன்னு இருக்கே டீச்சர். நீங்க மூணுங்கிறீங்க" என்றார். கடைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதிபரிடம் போனாள், நடந்தது நடந்துவிட்டது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் பிள்ளைகள்தானே என்றார். பிழை விட்ட டீச்சர் ஆறு மாதம் கழித்து நான் பிழை விடவில்லை என்று வந்து நின்றால் ஊர் வேறென்ன சொல்லும்? அதோடு அவள் ஊராரிடம் போவதை நிறுத்தினாள். உம்மாவிடம் மட்டும் சொல்லாமல் வைத்திருந்தாள். அதையாவது அவன் சொல்லட்டும் என்று விட்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரத்தில் அவன் முகத்தைப் பார்ப்பாள். அவன் கறி நன்றாக இருக்கிறது என்பான்.

அடுத்த வருடம் நோன்பு ஏப்ரல் முடிவில் பிறந்தது. ஹாஜியார் தன் வாப்பாவின் பழைய அட்டையைப் புதிதாக அடித்துப் பள்ளிவாசலில் மாட்டியிருந்தார். முதல் நோன்பன்று மூன்று பேரும் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நடுவில் கஞ்சியும் பேரீச்சம்பழமும். பாங்கு சொன்னார்கள். உம்மா பிஸ்மி சொல்லிப் பழத்தை வாயில் வைத்தார். ஸுபைரா கையில் பழத்தோடு, எதிரே சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"என்ன மகள், பாங்கு சொல்லிட்டே. திறங்களேன்" என்றார் உம்மா.

"இன்னம் நேரம் வரல்ல உம்மா. மூணு நிமிசம் இருக்கு."

உம்மா விளங்காமல் மகனைப் பார்த்தார். "இவ என்ன மகன் சொல்ற?"

ஜுனைதீனின் கையிலும் பழம் இருந்தது. இன்னும் வாய்க்குப் போகவில்லை. நேரம் வரவில்லை என்று அந்த வீட்டில் அவளைத் தவிர அறிந்த இன்னொருவன் அவன்தான். சும்மா பொறுத்திருந்தால் போதும்; உம்மா ஏன் என்று கேட்பார், சொல்லிவிடலாம். ஸுபைரா அவனையே பார்த்தாள். யா அல்லாஹ், இவன் பொறுத்துவிடட்டும் என்று கேட்டாள். அவன் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தான், உம்மாவைப் பார்த்தான், பழத்தை வாயில் போட்டான்.

"போன வருசம் கணக்குப் பிழைச்சிதானே உம்மா. அந்தப் பயம் இன்னம் போகல்ல புள்ளைக்கு. விடுங்க" என்று மென்றபடியே சொல்லி, கஞ்சிக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தான்.

அவன் தொண்டை ஏறி இறங்குவதை ஸுபைரா பார்த்துக்கொண்டிருந்தாள். சூரியன் மறைய இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.